கோ-ஆப் ஆட்டத்துக்கு ஸ்டீம் கடைப்படம்: சின்னப் பெட்டியில் தொடங்கி வரையும் முறை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வீடியோ கேம் செய்பவர்களுக்கு, ஆட்டத்தை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வைக்கும் கடைப்படம் பெரும்பாலும் கடைசி வார வேலையாகத்தான் வந்து நிற்கிறது. அந்த அவசரத்தில் நடக்கும் தவறுகளும் ஏறக்குறைய ஒன்றேதான். பெரிய படத்தை முதலில் வரைந்துவிட்டு அதைச் சுருக்கிச் சின்னப் பெட்டியில் திணிப்பார்கள். இல்லையென்றால் ஆட்டத்தில் உள்ள எல்லா முகங்களையும் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள்.

கூட்டாக ஆடும் கோ-ஆப் ஆட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாங்க வருபவர் "இதை நான் யாரோடு ஆடுவேன்" என்றும் சேர்த்தே பார்க்கிறார். அதற்குப் படத்தில் எழுத்தால் பதில் சொல்ல வழியில்லை. 2022 செப்டம்பர் முதல் ஸ்டீமின் கேப்சூல் படங்களில், அதாவது கடையில் ஆட்டத்தைக் காட்டும் பெட்டிப் படங்களில், ஓவியம், ஆட்டத்தின் பெயர், அதிகாரபூர்வ துணைப்பெயர் இவை மட்டுமே இருக்கலாம். "4 பேர் ஆடலாம்" என்ற வாசகம், விருது முத்திரை, விமர்சன வரி, தள்ளுபடி அறிவிப்பு எதற்கும் இடமில்லை. மீறினால் கடையில் படம் காட்டப்படும் இடங்கள் குறையலாம். ஆகவே எத்தனை பேர், என்ன செய்கிறார்கள் என்பதை ஓவியமே சொல்லியாக வேண்டும், அதுவும் கட்டைவிரல் நகத்தளவு பெட்டியில்.

விளக்க வசதியாக ஒரு கற்பனை ஆட்டத்தை வைத்துக்கொள்வோம். பெயர் "தறிக்குடோன்". பல்லடம், சோமனூர் பக்கம் இருப்பது போன்ற ஒரு விசைத்தறிக் குடோனை இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும். ஊடு நூல் சுற்றிய தார் தீரும், இழை அறும், கரண்ட் போகும். பாவு நூல் சுற்றிய நீண்ட உருளையான பாவு பீம் புதிதாக வந்தால் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி மாட்ட வேண்டும்.

1. வரையத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பெயர் முடிவாகியிருக்க வேண்டும். சின்னக் கேப்சூலில் பெயர்தான் பெரும்பகுதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு பெயரை மாற்றினால் லோகோவோடு படத்தின் அமைப்பே மாறும்.

இரண்டாவது, எத்தனை பேர் ஆடலாம், ஒரே திரையிலா இணையம் வழியாகவா, தனியாகவும் ஆட முடியுமா என்பதை எழுதி வையுங்கள். ஓவியருக்கு இதைச் சொல்லாமல் விட்டால் அவர் நான்கு பேரை வரைந்து தருவார், ஆட்டமோ இரண்டு பேருக்கானதாக இருக்கும். வாங்கியவர் ஏமாந்துபோவார், பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

மூன்றாவது ஒரு அலமாரித் தாள். ஸ்டீமில் ஆன்லைன் கோ-ஆப் என்ற டேகின் (வகைக் குறிச்சொல்லின்) கீழ் நன்றாகப் போகும் 30 ஆட்டங்களின் சின்னக் கேப்சூல்களைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் 184×69 பிக்சலாகச் சுருக்கி, ஸ்டீமின் கருநீலப் பின்னணியில் வரிசையாக ஒட்டுங்கள். நடுவில் ஒரு பெட்டியைக் காலியாக விடுங்கள். உங்கள் படம் அங்கேதான் உட்காரப்போகிறது. சுற்றியிருப்பவை எந்த நிறத்தில் குவிந்திருக்கின்றன, எந்த உருவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் தொடங்குபவர்கள் பலர் கருநீலப் பின்னணியில் கருநீலப் படம் வரைந்துவிடுகிறார்கள். தனியாகப் பார்க்க அழகாக இருக்கும், கடையில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும்.

நான்காவது, ஓவியரோடு எழுத்துமூல ஒப்பந்தம். தெரிந்தவர், பக்கத்து ஊர்க்காரர் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுவது நம் பக்கம் சகஜம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உங்கள் ஆட்டம் முதல் நாளே உலகம் முழுக்க விற்கும். ஆகவே "உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்ற வரியும், லேயர் (படத்தின் அடுக்குகள்) பிரித்த மூலக் கோப்பு தரப்படும் என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும்.

2. படத்துக்கான ஒரே வாக்கியம்

இந்தப் படிதான் அதிகம் தவிர்க்கப்படுகிறது, இங்கேதான் பாதிப் படங்கள் கெடுகின்றன. "இவர் இல்லாவிட்டால் அவரால் முடியாது" என்று தெரியும் ஒரு செயலை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். வினைச்சொல் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

"நான்கு நண்பர்கள் ஒரு தறிக்குடோனில் வேலை செய்கிறார்கள்" என்பது உதவாது. அதை வைத்து வரைந்தால் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். "பாவு பீமின் ஒரு முனையை ஒருத்தி தூக்கிவிட்டாள், மறுமுனை இன்னொருவன் கையிலிருந்து நழுவுகிறது" என்பது உதவும். அதில் உருவம் இருக்கிறது, எடை இருக்கிறது, அடுத்த நொடி என்ன ஆகுமோ என்ற பதற்றமும் இருக்கிறது.

நம் ஊரில் இந்தப் படி தவறுவதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. டிசைன் வேலை கற்ற பலர் ஃப்ளெக்ஸ் பேனரில் கை பழகியவர்கள். கல்யாண பேனரில் எந்த முகமும் விட்டுப்போகக் கூடாது, ஒருவர் விட்டுப்போனால் மனவருத்தம். அந்தப் பழக்கம் கேப்சூலுக்கு வந்தால் நான்கு முகங்களும் ஒரே அளவில், ஒரே உயரத்தில், பார்ப்பவரை நோக்கிச் சிரித்தபடி நிற்கும். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள், யார் கையும் எதையும் தொடாது. சின்ன அளவில் அது நான்கு புள்ளிகளாகிவிடும்.

எழுதிய வாக்கியத்தை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். அந்தச் செயல் ஆட்டத்தில் உண்மையிலேயே அடிக்கடி நடக்கிறதா? ஒருவரை நீக்கினால் செயல் நின்றுபோகிறதா? இரண்டு உடல்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் இணைப்பு, ஒரு கயிறு, ஒரு கம்பம், ஒரு சுமை, இருக்கிறதா? மூன்றாவதுதான் சின்ன அளவில் காப்பாற்றும். இரண்டு பேர் பேசிக்கொள்வது 120 பிக்சல் அகலப் பெட்டியில் தெரியாது. இரண்டு பேர் ஒரு நீண்ட உருளையைத் தூக்குவது தெரியும்.

3. அளவுகள்

ஸ்டீமுக்குத் தேவையானவை, பிக்சலில், அகலம் முதலில்:

சின்னக் கேப்சூல் 462×174. தேடல், பட்டியல், அதிகம் விற்பவை வரிசை எல்லாவற்றிலும் இதுதான். இதிலிருந்தே 184×69, 120×45 என்ற இன்னும் சிறிய வடிவங்களை ஸ்டீம் தானாக உருவாக்கிக்கொள்கிறது.
ஹெடர் கேப்சூல் 920×430. உங்கள் பக்கத்தின் தலைப்பிலும் பரிந்துரைகளிலும் வரும்.
மெயின் கேப்சூல் 1232×706. முகப்பில் பெரிதாகச் சுழலும் இடத்துக்கு.
செங்குத்துக் கேப்சூல் 748×896. பருவகால விற்பனையின்போது முகப்பில்.
லைப்ரரி கேப்சூல் 600×900. வாங்கியவரின் அலமாரியில்.
லைப்ரரி ஹீரோ 3840×1240. இதில் எழுத்தே கூடாது. முக்கியமானவை நடுவில் உள்ள 860×380 பகுதிக்குள் இருக்க வேண்டும்.
லைப்ரரி லோகோ, பின்னணி இல்லாத பிஎன்ஜி, 1280 அகலம் அல்லது 720 உயரம்.
ஸ்கிரீன்ஷாட் குறைந்தது 5, ஒவ்வொன்றும் 1920×1080.

இன்னொரு ஆட்டக் கடையான இட்ச்.ஐஓவிலும் வைப்பதாக இருந்தால் அட்டைப்படம் 630×500.

அளவைவிட விகிதத்தைக் கவனியுங்கள். சின்னக் கேப்சூல் உயரத்தைப்போல் 2.66 மடங்கு அகலம். லைப்ரரி கேப்சூலில் அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரே ஓவியத்தை வெட்டி வெட்டி இரண்டையும் நிரப்ப முடியாது. அதற்கான ஏற்பாடு 7ஆம் படியில்.

4. முதல் வரைவு: சின்னப் பெட்டியில், கறுப்பு வெள்ளையில்

வெள்ளைத் தாளில் 12 செ.மீ × 4.5 செ.மீ கட்டங்கள் போடுங்கள். 120×45 விகிதம் அப்படியே வந்துவிடும். தடித்த மார்க்கர் ஒன்றே ஒன்றால், கறுப்பு, வெள்ளை, ஒரு சாம்பல் என்ற மூன்று நிலைகளில் மட்டும், குறைந்தது 15 வரைவுகள் போடுங்கள். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். அவற்றைத் தாண்டினால்தான் உங்கள் ஆட்டத்துக்கே உரியது வரும்.

மார்க்கர் ஏன்? மெல்லிய பேனா கொடுத்தால் கை முகத்தையும் விரலையும் வரையப் போய்விடும். இந்த நிலையில் தேவைப்படுவது மொத்த உருவத்தின் நிழல் மட்டும்.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் டிசைன் செய்தவர்களுக்கு இது கைவந்த கலை. இரண்டு மூன்று ஸ்கிரீனுக்குள், அதாவது இரண்டு மூன்று நிறத்துக்குள், படத்தை முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவர்கள், எது போனாலும் படம் நிற்கும், எது போனால் விழும் என்பதை அறிந்தவர்கள். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் இந்தப் படிக்கு அவரை உட்கார வையுங்கள்.

தறிக்குடோனுக்கு வருவோம். பீமைப் படுக்கை வாட்டத்தில், இரண்டு முனையிலும் இரண்டு பேரை வைத்தால் அகலப் பெட்டி நன்றாக நிரம்பும். ஆனால் தராசு போல் சமமாக நிற்கும், பதற்றம் இருக்காது. பீமை 15 முதல் 20 டிகிரி சாய்த்துப் பாருங்கள். ஒரு முனை மேலே போகிறது, மறுமுனை கீழே இருப்பவரின் மேல் இறங்குகிறது. யாருக்குச் சுமை அதிகம் என்பது உடனே தெரியும். சாய்ந்த கோட்டுக்கு மேலே ஒரு முக்கோண வெற்றிடமும் கிடைக்கிறது. பெரிய கேப்சூல்களில் லோகோ அங்கேதான் போகும்.

வரைவுகளைப் போனில் படமெடுத்து, அலமாரித் தாளின் காலிப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் 8ஆம் படியில் ஒப்பிட வேறெதுவும் இருக்காது.

5. ஆட்களை வேறுபடுத்துதல்

நிறத்தை நம்பி ஆட்களை வேறுபடுத்துவதுதான் அடுத்த பொதுத் தவறு. ஒருவருக்குச் சிவப்புச் சட்டை, இன்னொருவருக்குப் பச்சைச் சட்டை, உடல் மட்டும் ஒரே அச்சு. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. அவர்களுக்கு இரண்டும் ஒரே மங்கல். நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் 45 பிக்சல் உயரத்தில் நிறம் கலங்கிப்போகும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் உருவம், அடுத்து வெளிச்சம்-இருட்டு, கடைசியில் நிறம். ஒருத்தி உயரமாக, தலையில் துண்டு கட்டியவளாக இருக்கட்டும். ஒருவன் குட்டையாக, உருண்டையாக இருக்கட்டும். மூன்றாமவர் குனிந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவைத் தேடுபவர். எல்லோரையும் கரிய நிழலாக நிரப்பிப் பார்த்து, யார் யாரென்று சொல்ல முடிந்தால் உருவம் தேறியது. பிறகு ஒருவருக்கு வெளிறிய உடை, ஒருவருக்கு அடர்ந்த உடை கொடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாலும் இருவரும் பிரிந்து தெரிய வேண்டும். நிறம் அதற்குப் பிறகு போதும்.

நான்கு பேருக்கான ஆட்டத்தில் நான்கு பேரையும் ஒரே அளவில் காட்ட வேண்டியதில்லை. செயலைச் செய்யும் இருவர் பெரிதாக முன்னே, மற்ற இருவர் சிறிதாகப் பின்னே, ஆனால் தங்களுக்கென ஒரு வேலையோடு. நால்வர் என்பது தெரிந்துவிடும், பார்வையும் சிதறாது.

பார்வையின் திசையையும் சரிபாருங்கள். ஒருவராவது இன்னொருவரைப் பார்க்க வேண்டும். எல்லோரும் நம்மைப் பார்த்தால் குழுப் புகைப்படம் ஆகிவிடும். எல்லோரும் வெவ்வேறு திசையில் பார்த்தால் ஒருவரையொருவர் எதிர்க்கும் சண்டை ஆட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். கோ-ஆப் ஆட்டத்தைச் சண்டை ஆட்டம் என்று நினைத்து வாங்குபவர், உள்ளே வந்ததும் குறை எழுதுவார்.

6. லோகோவும் தமிழ் எழுத்தும்

ஸ்டீமின் கடை முகப்பு தமிழில் இல்லை. ஆகவே தமிழ் வாசகரும் ஆங்கில முகப்பில்தான் உங்கள் படத்தைப் பார்க்கிறார். லோகோவைத் தமிழ் எழுத்தில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா, இரண்டுமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். எங்கள் பரிந்துரை: சின்னக் கேப்சூலில் ஒரே எழுத்துமுறை, கடையில் எந்த எழுத்தில் பெயரைப் பதிவு செய்கிறீர்களோ அதே எழுத்து. பெரிய கேப்சூல்களில் இரண்டையும் வைக்கலாம். சின்னதில் இரண்டையும் திணித்தால் இரண்டுமே படிக்க முடியாது.

சின்னக் கேப்சூலை லோகோ கிட்டத்தட்ட நிரப்பிவிட வேண்டும். ஓவியம் அங்கே பின்னணிக்குத்தான். சாய்ந்த பீமும் இரண்டு உருவங்களும் எழுத்துக்குப் பின்னால் தெரிந்தால் போதும். புதியவர்கள் பலருக்கு இதற்கு மனம் வராது, கஷ்டப்பட்டு வரைந்த ஓவியம் மறைகிறதே என்று லோகோவை மூலைக்குத் தள்ளுவார்கள். பட்டியலில் ஓவியமும் தெரியாது, பெயரும் தெரியாது.

எழுத்தின் தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு. 462 பிக்சல் படம் 120 ஆகும்போது எல்லாம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. ஒரு கோடு கண்ணுக்குத் தெளிவாகப் பட 2 பிக்சலாவது வேண்டும். அப்படியானால் 462 அளவில் கோட்டின் தடிமன் 8 பிக்சலுக்குக் குறையக் கூடாது. புள்ளிக்கு 12 பிக்சல் விட்டம் கொடுங்கள். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே 8 பிக்சல் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் "க்" என்பது "க" ஆகிவிடும். இகரச் சுழியின் உள்வெளிக்கும் அதே 8 பிக்சல், இல்லாவிட்டால் சுழி அடைத்துக் குமிழாகிவிடும்.

"தறிக்குடோன்" என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "றி" மேலே சுழிக்கிறது, கீழேயும் வால் விடுகிறது. இரண்டு புள்ளிகள் வேறு மேலே இடம் கேட்கின்றன. ஒரே வரியில் வைத்தால் 174 பிக்சல் உயரத்தில் எழுத்தின் உடலுக்குப் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும். சுழியையும் வாலையும் குறுக்கி, உடலைப் பெருக்கி எழுத்தை நீங்களே வரைய வேண்டும். கணினியில் இருக்கும் ஃபாண்டை அப்படியே போட்டால் இந்த இடம் கிடைக்காது. செங்குத்துப் படங்களில் "தறிக்" ஒரு வரி, "குடோன்" அடுத்த வரி என்று சொல் சேரும் இடத்திலேயே உடையுங்கள். "தறிக்கு" என்று உடைத்தால் பொருளே மாறிப்போகும்.

மென்பொருளில் வரும் வழக்கமான கோளாறு இரண்டு. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து அமைப்பில் உலக மொழிகளுக்கான லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "டோ" போன்றவை உடைந்து, கொம்பு தனியே நிற்கும். அடுத்தது, டிடிபி கடைகளில் இன்றும் ஓடும் பாமினி வகைப் பழைய ஃபாண்டுகள். அந்தக் கோப்பை அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் வாயில் நுழையாத குறியீடுகள் வரும். லோகோ முடிந்ததும் எழுத்தை அவுட்லைனாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றித்தான் வாங்க வேண்டும். தமிழ் தெரியாத ஓவியர் என்றால் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே சரிபாருங்கள், "ன"வும் "ண"வும் அவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஏஐ கருவியில் உருவாக்கிய தமிழ் எழுத்தை நம்பாதீர்கள், எழுத்து மாதிரியே இருக்கும் கோலங்கள் வருவதுண்டு. ஏஐ படம் எதையாவது பயன்படுத்தினால் ஸ்டீமின் உள்ளடக்கப் படிவத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும்.

7. மூலக் கோப்பும் ஒவ்வொரு அளவுக்கான மறு அடுக்கும்

4000×3000 பிக்சலில், திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில், எஸ்-ஆர்ஜிபி நிறச் சுயவிவரத்தோடு ஒரு மூலக் கோப்பு. அச்சுக்கு வேலை செய்து பழகியவர்கள் அச்சு நிறமுறையான சிஎம்ஒய்கே-யில் தொடங்கிவிடுவார்கள். அதில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் மங்கிவிடும், பிறகு மாற்றினாலும் திரும்பாது. முழு லேயர் ஒன்றுக்கு நினைவகத்தில் சுமார் 48 எம்பி ஆகும். 40 லேயர் என்றால் 2 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 8 ஜிபி ராம் உள்ள கணினி சமாளிக்கும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், இதற்குப் போதும்.

லேயர்களைப் பிரிக்கும் விதம்தான் முக்கியம். ஒவ்வொரு ஆளும் தனி, பீம் தனி, அதிலிருந்து தொங்கும் இழைகள் தனி, முன்னே உள்ள தறி தனி, பின்னணிக் குடோன் தனி, பஞ்சுத்தூசியும் வெளிச்சமும் தனி, லோகோ தனி. ஓர் ஆளுக்குப் பின்னால் மறையும் பொருளையும் முழுதாக வரைந்திருக்க வேண்டும், ஏனென்றால் வேறு அளவில் ஆளை நகர்த்தும்போது அந்த இடம் வெளியே தெரியும். "நீ வரைந்தது எதுவும் இன்னொன்றோடு ஒட்டியிருக்கக் கூடாது" என்று ஓவியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு கேட்டால் புதிதாக வரைவது போன்ற வேலை, அவர் தனியே கூலி கேட்பது நியாயம்தான்.

இப்போது செங்குத்துச் சிக்கல். அகலப் பெட்டியில் 20 டிகிரி சாய்ந்திருந்த பீமை 600×900 பெட்டிக்குள் அப்படியே வைத்தால் இரண்டு ஆட்களும் எறும்பளவு ஆகிவிடுவார்கள், மேலும் கீழும் வெறும் சுவராக இருக்கும். ஓரத்தை வெட்டினால் ஓர் ஆள் காணாமல் போவார், கோ-ஆப் என்பதே போய்விடும். செய்ய வேண்டியது, பீமை 60 டிகிரிக்கு மேல் நிமிர்த்துவது. கீழே உள்ளவன் முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறான், மேலே தறியின் மேல் ஏறி நிற்பவள் கைநீட்டி இழுக்கிறாள். செயல் அதே, வாக்கியம் அதே, உடல்கள் மட்டும் மறுபடி வரையப்பட்டவை. இதற்கு ஓவியருக்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

லைப்ரரி ஹீரோ நேர்மாறு. அகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அங்கே ஆட்கள் நடுப்பகுதியில், இருபுறமும் வரிசையாகத் தறிகள் நீள்வது பொருந்தும். லோகோவை ஸ்டீம் தனியே மேலே வைத்துக்கொள்ளும், ஆகவே அது உட்காரும் இடத்துக்குப் பின்னால் முகம் எதுவும் வரவேண்டாம்.

8. தெரியாதவர்களிடம் சோதனை

நண்பர்களிடம் காட்டாதீர்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியும், படத்தில் இல்லாததையும் பார்ப்பார்கள். டீ குடிக்கும் பேக்கரியில் பக்கத்து மேசைக்காரர் போதும். போனில் அலமாரித் தாளைத் திறந்து, கையை முழுதாக நீட்டிப் பிடித்து, இரண்டு நொடி காட்டி மூடுங்கள். நடுவில் உள்ள உங்கள் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை பேர் இருந்தார்கள்? என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பெயர் என்ன? படம் நல்லா இருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள், நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் "நல்லா இல்லை" என்று சொல்லமாட்டார்கள்.

பத்துப் பேரிடம் கேட்டு, சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "ரெண்டு பேரு பெரிய உருளையத் தூக்கறாங்க, ஒருத்தன் கீழ போட்டுருவான் போலீங்க" என்று வந்தால் படம் பேசுகிறது. "ஏனுங்க, அது பீரங்கிங்களா?" என்று ஒருவர் கேட்டாலும் கவனியுங்கள். பாவு பீமைப் பார்த்திராதவருக்கு அது குழாய், பீரங்கி, ரோடு உருளை எதுவாகவும் தெரியலாம். வெளிநாட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்திராதவர்கள்தான். பீமிலிருந்து வண்ண இழைகள் அவிழ்ந்து, இருவரின் காலிலும் சுற்றிக்கொள்வதாக வரைந்தால் அது நூல் சம்பந்தப்பட்டது என்று புரிந்துவிடும், இருவரையும் இணைக்கும் இரண்டாவது கோடும் கிடைக்கும்.

பத்தில் ஏழு பேர் செயலைச் சரியாகச் சொல்லாவிட்டால் நிறத்தைத் திருத்திக்கொண்டு இருக்காதீர்கள். 4ஆம் படிக்குப் போய், ஒதுக்கி வைத்த மற்ற இரண்டு வரைவுகளை எடுங்கள்.

9. ஸ்கிரீன்ஷாட்

கேப்சூலில் சொல்ல முடியாததை எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டில் காட்டலாம், ஆனால் ஆடும் காட்சி மட்டும்தான் வர வேண்டும். ஓவியம், விளம்பர வாசகம் கூடாது. பட்டியலில் சுட்டியைப் படத்தின் மேல் கொண்டுபோனாலே ஸ்கிரீன்ஷாட்டுகள் மாறி மாறி வரும், ஆகவே முதல் நான்குதான் முக்கியம்.

முதலாவதில் கேப்சூலில் காட்டிய அதே செயல் ஆட்டத்துக்குள் நடக்கட்டும். அப்போதுதான் படத்தை நம்பி வந்தவருக்கு வாக்குத் தவறாது. இரண்டாவதில் நான்கு பேரும் நான்கு வேலையில். மூன்றாவதில் எல்லாம் தப்பிப்போகும் தருணம்: கரண்ட் போன இருட்டு, டார்ச் வெளிச்சம், அறுந்த இழைகள். நான்காவதில் இரண்டே பேர், ஏனென்றால் வாங்குபவர்களில் பலருக்குக் கூட ஆட ஒருவர்தான் கிடைப்பார். திரையைப் பிரித்து ஆடும் வசதி இருந்தால் அதற்கு ஐந்தாவது. தனியாகவும் ஆடலாம் என்றால் அதைப் பக்கத்தின் சிறு விவரணையில் எழுத்திலேயே சொல்லுங்கள்.

உண்மையான ஆட்களை வைத்து ஆடி எடுங்கள். ஒருவரே நான்கு கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து எடுத்த காட்சியில் மூன்று பேர் சிலை போல நிற்பது தெரிந்துவிடும். தலைக்கு மேல் "டெஸ்ட்123" போன்ற பெயர்கள், மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை, பிழை தேடும் டீபக் வரிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

10. ஏற்றுதலும் அதன் பிறகும்

ஆட்டத்தை ஸ்டீமில் வைப்பதற்கான 100 டாலர் கட்டணம் செலுத்திய பின் 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். கடைப்பக்கப் பரிசீலனைக்கு 3 முதல் 5 வேலைநாள் ஆகும். "விரைவில்" என்ற நிலையில் பக்கம் குறைந்தது 2 வாரம் வெளியில் இருக்க வேண்டும். இவை மிகக் குறைந்த அளவுகள். விஷ்லிஸ்ட், அதாவது பிறகு வாங்குவதற்காக ஆட்டத்தைக் குறித்துவைப்பவர்களின் எண்ணிக்கை, சேர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், இறுதி ஓவியத்தோடு முடிந்த அளவு முன்கூட்டியே பக்கத்தைத் திறங்கள்.

பக்கம் திறந்த பின் ஆட்டம் செய்பவர்களுக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தின் போக்குவரத்து (டிராஃபிக்) அறிக்கையில் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற இரண்டு எண்கள் இருக்கும். கேப்சூலை மாற்ற நினைத்தால் லோகோவையோ ஓவியத்தையோ ஒன்றை மட்டும் மாற்றி, முன் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வாரத்தையும் ஒப்பிடுங்கள். மொத்த எண்ணைப் பார்க்காமல், தேடல் வழியாக வந்தவர்களைத் தேடலோடும் பரிந்துரை வழியாக வந்தவர்களைப் பரிந்துரையோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு இடத்திலும் காட்டப்படும் படமும் வேறு, வருபவரின் மனநிலையும் வேறு. தள்ளுபடியோ திருவிழாவோ நடக்கும் வாரங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய கேப்சூல் கோப்புகளைத் தேதியிட்டு வைத்திருங்கள், புதியதில் எண் இறங்கினால் அன்றே திருப்பி ஏற்ற வேண்டியிருக்கும்.